அறிக்கை யார் கையில்?

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஒட்டாவா என்றொரு சிறு ஊர். அங்கே பழைய பள்ளிக்கூடக் கட்டடம் ஒன்றில் 'ரேடியம் டயல்' என்ற கம்பெனி நடந்துவந்தது. கடிகார முகப்புகளுக்கு இருட்டில் ஒளிரும் பெயின்ட் பூசுவது வேலை. 1928-ல் அங்கிருந்த பெண்களுக்கு மருத்துவச் சோதனை நடந்தது. ரத்தம் எடுத்தார்கள். மூச்சை ஊதச் சொல்லி அதை அளந்தார்கள். கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, "எங்கள் சோதனை என்ன ஆச்சு?" என்று இரண்டு பெண்கள் மேலாளரிடம் போய்க் கேட்டார்கள். அறிக்கையை உங்களிடம் கொடுத்தால் இங்கே கலவரம் வெடித்துவிடும் என்ற பொருளில் அவர் பதில் சொன்னாராம். அந்த வார்த்தையின் அர்த்தம் அன்றைக்குத் தங்களுக்கு விளங்கவில்லை என்று, பத்தாண்டு கழித்து, அந்த இருவரில் ஒருவரான கேத்தரின் டோனஹு சாட்சி சொன்னார்.

'ரேடியம் பெண்கள்' என்று வரலாறு பெயரிட்டிருக்கும் இவர்களின் கதை தமிழிலும் அவ்வப்போது சொல்லப்படுவதுதான். பெரும்பாலும் அது, "பாவம், அந்தக் காலத்தில் யாருக்கு என்ன தெரியும்" என்ற பெருமூச்சோடு முடிந்துவிடுகிறது. அது சரியல்ல. தெரிந்திருந்தது. அளந்து, எழுதி, கோப்பில் கட்டி வைத்திருந்தார்கள். யாருடைய உடம்பை அளந்தார்களோ அவளிடம் மட்டும் சொல்லவில்லை.

நம் ஊரில் வண்டிக்கு ஸ்டிக்கர் வெட்டி ஒட்டும் கடைக்கு 'ரேடியம் ஸ்டிக்கர் கடை' என்று பெயர். அந்த ஸ்டிக்கரில் ரேடியம் ஒரு துளியும் கிடையாது. எதிரே வரும் வண்டியின் விளக்கொளியை அது திருப்பி அனுப்புகிறது, அவ்வளவுதான். ஆனால் ரேடியத்தை நிஜமாகவே கலந்து, எந்த விளக்கின் உதவியும் இல்லாமல் இரவு முழுக்க ஒளிர்ந்த கைக்கடிகாரங்கள் ஒரு காலத்தில் லட்சக்கணக்கில் விற்றன. பெயர் அங்கிருந்து வந்தது.

1898-ல் மேரி கியூரியும் பியர் கியூரியும் ரேடியத்தைக் கண்டுபிடித்தார்கள். அதைத் துத்தநாக சல்பைடோடு சேர்த்தால், ரேடியத்திலிருந்து ஓயாமல் தெறிக்கும் துகள்கள் சல்பைடில் மோதி, கலவை பச்சையாக ஒளிரும். முதல் உலகப்போரில் பதுங்குகுழிச் சிப்பாய்களுக்குத் தீக்குச்சி உரசாமல் நேரம் பார்க்க வேண்டியிருந்தது. எதிரிக்கு ஒரு பொறி தெரிந்தாலும் உயிர் போய்விடும். 1917-லிருந்து நியூஜெர்சியின் ஆரஞ்ச் நகரில் ஒரு தொழிற்சாலை இந்தப் பெயின்டைத் தயாரித்து டயல்களில் பூசத் தொடங்கியது. பின்னாளில் அதன் பெயர் யுனைடெட் ஸ்டேட்ஸ் ரேடியம் கார்ப்பரேஷன். பெயின்டின் பெயர் 'அண்டார்க்'. கனெக்டிகட்டின் வாட்டர்பரியிலும் ஒட்டாவாவிலும் இதே வேலை பரவியது. பூசியவர்கள் பெரும்பாலும் இளம்பெண்கள். பதினான்கு, பதினைந்து வயதுச் சிறுமிகளும் இருந்தார்கள்.

வேலை எப்படி நடந்தது என்பதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். ஒவ்வொருத்தியின் முன்னாலும் சின்னப் பீங்கான் கிண்ணம். அதில் பொடியைக் கொட்டி, தண்ணீரும் ஒட்டுவதற்கு வேலம்பிசினும் விட்டுக் குழைத்துக்கொள்ள வேண்டும். கையில் ஒட்டக முடித் தூரிகை. சிறிய டயல் என்றால் மூன்றரை சென்டிமீட்டர்தான் அகலம். அதில் சில கோடுகள் ஒரு மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. இரண்டு எண் எழுதுவதற்குள் தூரிகையின் முடி விரிந்துவிடும். ஊசியில் நூல் கோக்கும்போது நூலின் நுனியை உதட்டில் வைத்து ஈரமாக்கிக் கூராக்குகிறோமே, அதேபோல் தூரிகையை உதட்டில் வைத்துக் கூராக்க வேண்டும். உதட்டில் வை, பெயின்டில் தொடு, டயலில் பூசு. இப்படித்தான் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். தூரிகை அலசத் தொடக்கத்தில் தண்ணீர் கொடுத்தார்கள். கழுவிய தண்ணீரில் விலையுயர்ந்த ரேடியம் வீணாகிறது என்று பிறகு அதையும் எடுத்துவிட்டார்கள்.

எவ்வளவு விலை? 1921-ல் அமெரிக்கப் பெண்கள் பணம் திரட்டி மேரி கியூரிக்கு ஒரு கிராம் ரேடியம் பரிசளித்தபோது அதற்கு 1,00,000 டாலர் ஆனது. டயல் பூசிய பெண்ணுக்கு ஒரு டயலுக்குச் சுமார் ஒன்றரை சென்ட். திருப்பூரில் சொல்வதுபோல் பீஸ் ரேட். கை வேகமானவள் நாளைக்கு 250 டயல் முடிப்பாள். அன்றைக்கு ஒரு பெண்ணுக்குக் கிடைத்த வேலைகளில் இது நல்ல சம்பளம். அக்கா சேர்ந்ததும் தங்கையையும் அழைத்துவந்து சேர்த்துவிட்டாள். வேலை முடிந்து இருட்டில் நடந்து போனால் அவர்களின் கூந்தலும் உடையும் ஒளிரும். நடன விருந்துக்குப் போகும் நாளில் நல்ல உடையை வேலைக்கே உடுத்திக்கொண்டு வந்தார்கள். நகத்தில் பூசிக்கொண்டார்கள், வேடிக்கைக்குப் பல்லிலும்.

ஆரஞ்ச் தொழிற்சாலையின் ஆய்வுக்கூடத்தில் இருந்த ஆண்களோ ஈயத் தடுப்புக்குப் பின்னால் நின்று, இடுக்கியால் ரேடியத்தை எடுத்துக் கையாண்டார்கள். பெயின்டை உருவாக்கிய டாக்டர் சபின் வான் சொசோக்கியின் விரலில் ரேடியம் ஏறிவிட, விரல் நுனியை அவர் வெட்டியெடுத்தார் என்பதும் பதிவாகியிருக்கிறது. தூரிகையை வாயில் வைக்காதே, உடம்புக்கு ஆகாது என்று அவர் ஒருநாள் தன்னிடம் சொன்னதாக கிரேஸ் ஃப்ரையர் என்ற தொழிலாளி பின்னர் கூறினார். மேற்பார்வையாளரோ அதொன்றும் இல்லை என்று சமாதானம் சொல்லிவிட்டார். எச்சரிக்கை அதோடு நின்றுபோனது.

உடம்புக்குள் போன ரேடியம் என்ன செய்யும்? தனிம அட்டவணையில் அது கால்சியம் இருக்கும் அதே நெடுவரிசையில் நிற்கிறது. எலும்பால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரிவதில்லை. பாலில் வரும் கால்சியத்தைப் போலவே ரேடியத்தையும் வாங்கித் தனக்குள் கட்டிக்கொள்கிறது. அதிலிருந்து வரும் ஆல்ஃபா துகள்களைத் தோலின் மேல்புறத்தில் ஒரு காகிதம் தடுத்துவிடும்; எலும்புக்குள் இருந்துகொண்டு மஜ்ஜையைத் துளைக்கும்போது தடுக்க எதுவும் இல்லை. பாதியாகக் குறையவே 1,600 ஆண்டுகள் பிடிக்கும் பொருள் அது. எனவே நோய் நிதானமாக வரும். வேலையை விட்டு, கல்யாணம் முடிந்து, வேறு ஊர் போன பிறகு ஒரு பல் ஆடும். பல்லைப் பிடுங்கினால் புண் ஆறாது. அப்புறம் தாடை.

மோலி மாகியாவின் பல்வலியும் அப்படித்தான் ஆரம்பித்தது. ஆரஞ்ச் தொழிற்சாலையில் பூசியவர் அவர். ஒவ்வொரு பல்லாகப் பிடுங்கிவந்த பல் மருத்துவரின் கையோடு ஒருநாள் தாடை எலும்பே பெயர்ந்து வந்தது. 1922 செப்டம்பரில் மோலி இறந்தபோது வயது 24. இறப்புச் சான்றிதழில் எழுதப்பட்ட காரணம் சிஃபிலிஸ், அதாவது பாலியல் நோய். ஐந்து ஆண்டுகள் கழித்து, 1927 அக்டோபரில், கல்லறையைத் திறந்து உடலைச் சோதித்தார்கள். அந்த நோயின் அடையாளம் எங்கும் இல்லை. எலும்புகள் அத்தனையிலும் கதிரியக்கம் இருந்தது. ஐந்து ஆண்டுகளாக அந்தக் குடும்பம் சுமந்த அவப்பெயரை எந்த இழப்பீட்டுக் கணக்கிலும் யாரும் சேர்க்கவில்லை.

கம்பெனிக்கு இது எப்போது தெரியும் என்பதுதான் முக்கியமான கேள்வி. பெண்கள் பலர் நோயில் விழுந்ததும், 1924-ல் கம்பெனியே ஹார்வர்டின் உடலியல் பேராசிரியர் செசில் டிரிங்கரை அழைத்தது. அவரும் அவர் மனைவி கேத்தரின் டிரிங்கரும் வந்து பார்த்தார்கள். பெண்களை இருட்டறையில் நிறுத்தியபோது முகம், கை, கழுத்து மட்டுமல்ல, உள்ளாடைவரை ஒளிர்ந்ததை எழுதிவைத்தார்கள். ரத்தச் சோதனையில் எவருடைய ரத்தமும் முற்றிலும் இயல்பாக இல்லை. நோய்க்குக் காரணம் ரேடியம் என்று அறிக்கை தந்தார்கள். கம்பெனித் தலைவர் ஆர்தர் ரோடர் அதை வெளியிடச் சம்மதிக்கவில்லை. மாநிலத் தொழிலாளர் துறைக்கு அவர் அனுப்பியதோ வேறொரு வடிவம். அதன்படி பெண்கள் எல்லாரும் நல்ல ஆரோக்கியத்தோடு இருந்தார்கள். நியூஜெர்சி நுகர்வோர் கழகத்தின் கேத்தரின் வைலியும், தொழில்நோய் மருத்துவத்தின் முன்னோடியான ஆலிஸ் ஹாமில்டனும் விடாமல் துருவியதால்தான் மோசடி டிரிங்கருக்கே தெரியவந்தது. வழக்குப் போடுவோம் என்ற மிரட்டலைப் பொருட்படுத்தாமல் 1925-ல் அவர் உண்மை அறிக்கையை வெளியிட்டார்.

அதே ஆண்டு எசெக்ஸ் மாவட்ட மருத்துவப் பரிசோதகர் ஹாரிசன் மார்ட்லண்ட், உயிரோடிருப்பவரின் உடம்பில் ரேடியம் இருப்பதைக் கண்டறிய வழி கண்டார். ரேடியம் சிதையும்போது ரேடான் வாயு உண்டாகும். அது மூச்சில் வெளிவரும். குழாயில் ஊதச் சொல்லி அதை மின்கருவியால் அளந்தார். பிறர் உடம்பைச் சோதிக்க உதவிய சொசோக்கியின் மூச்சிலேயே ரேடான் இருந்தது. 1928 நவம்பரில் அவரும் ரத்தசோகையால் இறந்தார்.

கிரேஸ் ஃப்ரையருக்கு ஒரு வழக்கறிஞர் கிடைக்கவே இரண்டு ஆண்டு ஆனது. வழக்குப் போட நியூஜெர்சிச் சட்டம் கொடுத்த கெடுவும் இரண்டே ஆண்டு. அது எப்போதோ முடிந்திருந்தது. 1920-ல் வேலையை விட்டவருக்கு 1922-ல் பல் விழத் தொடங்கியது. ரேடியம்தான் காரணம் என்று 1925-ல் தெரிந்தது. ஐந்து வருடம் கழித்து வாசலுக்கு வரும் நோய்க்கு இரண்டு வருடக் கெடு வைத்தால், எவள் வழக்குப் போட முடியும்? ரேமண்ட் பெர்ரி என்ற இளம் வழக்கறிஞர் 1927-ல் வழக்கைத் தாக்கல் செய்தார். கிரேஸோடு எட்னா ஹஸ்மன், கேத்தரின் ஷாப், மோலியின் சகோதரிகள் குவின்டா மெக்டொனால்டு, ஆல்பினா லாரீஸ் என ஐந்து பேர். ஆளுக்கு 2,50,000 டாலர் கேட்டார்கள். 1928 ஜனவரியில் நீதிமன்றத்தில் சத்தியம் செய்யக் கை தூக்கச் சொன்னபோது சிலரால் கையைத் தூக்க முடியவில்லை. வழக்கைக் கோடைக்குப் பிறகு தள்ளிப்போட்டபோது பத்திரிகைகள் கொதித்தன. நியூயார்க் வேர்ல்டில் வால்டர் லிப்மன் கடுமையாகத் தலையங்கம் எழுதினார். ஜூனில் சமரசம் ஆனது: ஆளுக்கு 10,000 டாலர், ஆண்டுக்கு 600 டாலர் ஓய்வூதியம், மருத்துவச் செலவு. குவின்டா மறுவருடமே இறந்தார். கிரேஸ் 1933-ல்.

இனி ஒட்டாவாவுக்குத் திரும்பலாம்.

கிழக்கே நடந்த வழக்கு நாளிதழ்களில் வந்ததும் ஒட்டாவா பெண்கள் பயந்தார்கள். அந்த 1928 ஜூனிலேயே ரேடியம் டயல் கம்பெனி உள்ளூர்ப் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தது. நியூஜெர்சியில் கெடுதல் செய்தது மீசோதோரியம் என்ற வேறு பொருள், எங்களுடையது சுத்த ரேடியம், எங்கள் பெண்களை நிபுணர்களை வைத்துச் சோதித்துவிட்டோம், நோயின் அறிகுறிகூட இல்லை என்றது விளம்பரம். (மீசோதோரியம் தோரியத்தின் வழித்தோன்றல். அன்று கேஸ் விளக்கு மேன்டில்களுக்குத் தோரியம் தந்த மோனசைட் மணல், 1909-ல் நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையிலும் ஜெர்மானியர் ஒருவரால் கண்டறியப்பட்டது.) ரேடியம், மீசோதோரியம் இரண்டுமே எலும்பில் போய் உட்காரும் கதிரியக்கப் பொருள்கள்தான். கம்பெனி நடத்திய சோதனைகளில் பெண்களின் உடம்பில் கதிரியக்கம் தெரிந்திருந்தது. அந்த முடிவைக் கோப்பில் வைத்துக்கொண்டே பத்திரிகையில் எதிர்மாறாக எழுதினார்கள்.

சோதனையில் கதிரியக்கம் தெரிந்தவர்களில் ஒருத்தி மார்கரெட் லூனி. பெக் என்று கூப்பிடுவார்கள். பெரிய குடும்பத்தின் மூத்த பிள்ளைகளில் ஒருத்தி. அவளிடம் எதுவும் சொல்லப்படவில்லை. தொடர்ந்து பூசினாள். 1929 ஆகஸ்டில் 24 வயதில் இறந்தாள். சான்றிதழில் டிப்தீரியா. பிரேதப் பரிசோதனையின்போது தங்கள் மருத்துவரும் உடனிருக்க வேண்டும் என்று குடும்பம் கேட்டது. அவர் வந்து சேர்வதற்குள் பரிசோதனை முடிந்துபோயிருந்தது.

மேலாளரிடம் அறிக்கை கேட்ட கேத்தரின் டோனஹுவும் நோயில் விழுந்தார். அவர் வழக்கை 1938-ல் இல்லினாய் தொழில் ஆணையத்தின்முன் லெனார்டு கிராஸ்மன் என்ற வழக்கறிஞர் வாதாடினார். பிப்ரவரி விசாரணையில், தனக்கு இனிக் குணமில்லை என்று மருத்துவர் சொன்னதைக் கேட்டு கேத்தரின் மயங்கி விழுந்தார். மறுநாள் விசாரணை அவர் வீட்டுக்கே வந்தது. கட்டிலில் படுத்தபடி சாட்சி சொன்னார். தீர்ப்பு சாதகமாக வந்தது. கம்பெனி மேல்முறையீடு செய்தது. ஜூலையில் கேத்தரின் இறந்தார். 1939 அக்டோபரில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கம்பெனியின் மனுவை ஏற்க மறுத்தது. அதற்குள் ரேடியம் டயல் ஊரைக் காலி செய்திருந்தது. பாதிக்கப்பட்ட எல்லாருக்குமாகச் சேர்த்து மாநிலத்திடம் கட்டப்பட்டிருந்தது 10,000 டாலர் பிணைத்தொகை மட்டும்.

இதையெல்லாம் நூறு வருடத்துக்கு முந்தைய அமெரிக்கக் கதை என்று தள்ளிவிட முடியாது. நம்முடைய 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில், அரசுக்குக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய தொழில்நோய்களின் பட்டியலில், ரேடியத்தால் வரும் பாதிப்பு பெயர் சொல்லியே இடம்பெற்றது. அந்தச் சட்டத்தில் ஒரு புதிய அத்தியாயமே சேர போபால் விஷவாயுக் கசிவு நடக்க வேண்டியிருந்தது. 1987 திருத்தத்தில் 41-சி என்ற பிரிவு வந்தது: அபாயமான பொருளோடு வேலை செய்வோரின் மருத்துவப் பதிவேட்டை நிர்வாகம் சரியாக வைத்திருக்க வேண்டும், அது தொழிலாளி பார்க்கக் கிடைக்க வேண்டும். நல்ல பிரிவு. ஆனால் பார்க்கக் கிடைப்பது என்றால் கேட்டால் கிடைக்கும் என்று பொருள். ஒட்டாவாவில் இரண்டு பெண்கள் கேட்டார்கள். என்ன கிடைத்தது என்று பார்த்தோம்.

ஆகவே சட்டம் 'கிடைக்க வேண்டும்' என்பதில் நிற்காமல், 'கொடுக்கப்பட வேண்டும்' என்று போக வேண்டும். தொழிலாளி கேட்காமலே, சோதனை முடிந்த சில நாட்களுக்குள், அவருக்குப் புரியும் மொழியில், கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒரு படி கொடுக்கப்பட வேண்டும். தமிழ்நாட்டு ஆலைகளில் இன்று ஒடியாவும் இந்தியும் பேசும் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களுக்கு அவர்கள் மொழியில். வேலையை விட்டுப் போகும்போது, பி.எஃப். கணக்கைக் கையோடு கொண்டுபோவதுபோல முழு மருத்துவப் பதிவும் கூடப் போக வேண்டும். மெதுவாக வரும் நோய், ஆள் ஊர் திரும்பிய பிறகுதான் வரும்.

2020-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, ஆண்டுதோறும் இலவச மருத்துவப் பரிசோதனையைப் பற்றிப் பேசுகிறது. வரவேற்க வேண்டியது. ஆனால் ரேடியம் டயல் கம்பெனியும் இலவசமாகத்தான் சோதனை செய்தது. ரத்தம் எடுத்தது, மூச்சை அளந்தது. சோதனை மட்டுமே தொழிலாளியைக் காப்பாற்றும் என்றால் பெக் லூனி அத்தனை இளமையில் போயிருக்க வேண்டாம்.

முடிவைத் தொழிலாளியிடம் நேரடியாகக் கொடுத்தால் வீண் பீதி கிளம்பும், மருத்துவ வார்த்தைகள் அவருக்குப் புரியாது என்று நிர்வாகங்கள் சொல்வதுண்டு. கலவரம் வெடிக்கும் என்று ஒட்டாவா மேலாளர் சொன்னதும் இதேதான். புரியாது என்பதும் சரியல்ல. எக்ஸ்ரே அறையில் வேலை பார்க்கும் டெக்னீஷியனின் சட்டைப்பையில் ஒரு சிறு டிஎல்டி பேட்ஜ் தொங்கும். அவர் வாங்கும் கதிர்வீச்சை அது பதிந்துகொள்ளும். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் வைத்திருக்கும் வரம்பு, ஐந்தாண்டுச் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட், எந்த ஒரு ஆண்டிலும் 30. பேட்ஜ் ஆய்வகத்துக்குப் போய் அளவிடப்பட்டு, முடிவு மருத்துவமனைக்கு வருகிறது. அந்த எண்ணைப் படிக்கப் பெரிய படிப்பு தேவையில்லை. 20-க்கு மேலா கீழா என்று யாரும் பார்த்துச் சொல்லலாம். பேட்ஜைச் சுமப்பவர் அந்த எண்ணை மாதச் சம்பளச் சீட்டில் பார்க்கும்படி செய்வது ஒரு பெரிய காரியமே இல்லை.

காலக்கெடுவும் இதோடு சேர்ந்தது. நம் 1923 இழப்பீட்டுச் சட்டம் இந்த விஷயத்தில் நியூஜெர்சியைவிட நியாயமாக இருந்தது: தொழில்நோய் என்றால், நோயால் தொடர்ந்து வேலைக்கு வர முடியாமல் போன முதல் நாளிலிருந்து கெடுவை எண்ணியது. இன்னும் ஒரு படி ஏறலாம். சோதனை முடிவு தொழிலாளியின் கைக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து எண்ணலாம். அப்படிச் செய்தால் அறிக்கையை மறைப்பது கம்பெனிக்கு லாபமாக இருக்காது. மறைக்க மறைக்க வழக்கின் ஆயுள்தான் நீளும்.

ஏழைப் பெண்களின் உடம்பு சொன்னதை உலகம் எப்போது கவனித்தது என்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. ரேடியம் கலந்த 'ராடிதோர்' என்ற சத்துநீரைப் புட்டி புட்டியாகக் குடித்த ஈபன் பயர்ஸ் என்ற பணக்காரத் தொழிலதிபர் 1932-ல் தாடை அழுகி இறந்தார். அது நாடு முழுவதும் பேச்சானது. அந்தச் சத்துநீர் சந்தையிலிருந்து போனது. மோலி இறந்து அப்போது ஏறக்குறைய பத்து ஆண்டுகள் ஆகியிருந்தன.

அந்தப் பெண்களால் பின்னர் உயிர் பிழைத்தவர்கள் எத்தனையோ பேர். எம்ஐடியின் ராப்லி எவன்ஸ் அவர்களின் உடம்பிலிருந்த ரேடியத்தை அளந்து, எவ்வளவுக்குக் கீழே இருந்தால் நோய் வரவில்லை என்று பார்த்தார். 1941-ல் ஒரு மனித உடம்பில் இருக்கக்கூடிய ரேடியத்தின் உச்சவரம்பு 0.1 மைக்ரோகிராம் என்று வகுக்கப்பட்டது. இரண்டாம் உலகப்போரில் டயல் பூசியவர்களுக்கும், அணுகுண்டுத் திட்டத்தில் புளூட்டோனியத்தைக் கையாண்டவர்களுக்கும் பாதுகாப்பு விதிகள் இந்த அனுபவத்திலிருந்துதான் எழுதப்பட்டன. சிகாகோவுக்கு அருகிலுள்ள ஆர்கான் தேசிய ஆய்வகம், உயிரோடிருந்த பழைய தொழிலாளர்களைத் தேடிப் பிடித்து, பல பத்தாண்டுகள் தொடர்ந்து அளந்தது. இறந்தவர்களையும் விடவில்லை.

1978-ல் பெக் லூனியின் குடும்பத்தார் சம்மதிக்க, கல்லறை திறக்கப்பட்டது. ஆர்கான் விஞ்ஞானிகள் அவள் எலும்பை அளந்தார்கள். அனுமதிக்கப்பட்ட வரம்பைப் பல மடங்கு தாண்டிய ரேடியம் அதில் இருந்தது. 49 ஆண்டுகள் கழித்து அந்த முடிவு முதல்முறையாக அவள் வீட்டாருக்குத் தெரிந்தது.